அடுத்தவர் டோக்கனுக்கு ஊதியவர்

அத்தியாயம் 11

கிருஷ்ணம்மாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்த இடத்தில் போன வாரம் விட்டோம். டம்ளர் நசுங்கியதோடு சரி. கை நடுக்கம்தான் நின்றபாடில்லை. ராபர்ட்சன்பேட்டை டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டதற்கு, கிருஷ்ணம்மா தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றாள். பெற்ற மகளுக்கா தெரியாது அந்தத் தரைப் பார்வை? பாக்யலட்சுமிக்கு அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

இன்றைக்காவது கேட்டுத் தீர்த்துவிடலாம் என்றால், வீட்டில் விசேஷம். தம்பி விநாயக் பெங்களூரிலிருந்து காலையிலேயே வந்து இறங்கிவிட்டான்.

அவன் வேலை செய்வது மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். அங்கே அவன் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்ததுதான் வெள்ளை பம்ப். நெஞ்சில் சுரங்கத் தூசி அடைந்தவர்கள் எல்லோரும் வைத்திருப்பது மூச்சுத் திணறினால் மருந்து இழுக்கிற நீல பம்ப். அதை விரலால் அழுத்துகிற அதே நொடியில் மூச்சையும் இழுக்க வேண்டும். வயசான கைக்கு இரண்டும் சேர்ந்து வராது, பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். வெள்ளை பம்ப்பில் அழுத்துகிற வேலையே கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு 'டிக்' என்று சத்தம் கேட்கும், மருந்து தானாக நெஞ்சுக்குப் போகும். வெடிச் சத்தத்தில் காது மந்தமான ஆட்களுக்காக அந்த டிக்கைக்கூடப் பலமாகவே வைத்திருந்தான். எவ்வளவு பலமாக இழுத்தார்கள் என்பது உடனே அவனுடைய போனுக்குப் போய்விடும்.

நல்ல யோசனைதான். பாக்யாவும் மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்லத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதமாக வரிசையாகக் கட்டின சுரங்கத்து லைன் வீடுகளில் பழைய சுரங்கத்துக்காரர்கள் சிலரிடம் வெள்ளை பம்ப்பைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். முதல் ஆள் அப்பா தசரதன். வீடு வீடாகப் போய் எப்படி இருக்கிறது என்று விசாரித்துத் தம்பிக்குச் சொல்கிற வேலை பாக்யாவின் தலையில் விழுந்தது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நல்லா இருக்குதும்மா. உன் தம்பி கை ராசி."

இன்றைக்குக் கம்பெனியின் பெரிய டாக்டர் மமதா மேடம் கேமராக்காரர்களோடு வருகிறார். தசரதன் இழுப்பதைப் படம் எடுப்பார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டால் வெள்ளை பம்ப் கடைக்குப் போகும்.

"நைனா, இங்க பாருங்க, உங்க மூச்சு," என்று போனைக் காட்டினான் விநாயக். பச்சைக்கோடு ஒன்று வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தசரதன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அது என் மூச்சா?" என்றார்.

"உங்க மூச்சுதான்."

அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கிருஷ்ணம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அக்கா, அந்த நீல பம்ப்பை எடுத்து உள்ள வெச்சிடு. கேமராவுல வரக்கூடாது. கட்டில் அடியில இருக்கற டயப்பர் பாக்கெட்டும்."

"என்னையும் எடுத்து உள்ள வெச்சுக்கட்டுமாடா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத அக்கா. ஞானதாஸ் அங்கிள் வீட்டுல நாலு சேர் வாங்கினு வா."

பாக்யா ஒரு காலத்தில் விடியலுக்கு முன்னே மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூருக்கு வெளியே ஒரு நாப்கின் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். அப்பா படுத்ததும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த யாராவது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சேர் வாங்கப் போனாள்.

ஞானதாஸ் வீடு மூன்றாவது கதவு. தசரதனோடு நந்திதுர்க் ஷாஃப்ட் குழியில் ஒரே கேஜ் கூண்டில் இறங்கினவர். கதவு திறந்தே இருந்தது. ஞானதாஸ் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அடுப்படி ஓரத்தில் அவர் மனைவி ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயில் வெள்ளை பம்ப்.

நன்றாக இழுத்தாள். டிக்.

மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆன்ட்டி, இன்னா பண்றீங்க?"

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரியெல்லாம் போடவில்லை. "காலை டோஸும்மா."

"உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? அவருக்குத்தான். அவரால இழுக்க முடியல. மொத நாள்லருந்தே டிக்குனு வரல. சும்மா வெச்சுட்டா உன் தம்பி போன்ல தெரிஞ்சிடுமாமே. புள்ள ராப்பகலா பாடுபட்டு பண்ணது, மனசு ஒடஞ்சிடப் போவுதுனு நான் இழுத்துடறேன். அவருக்கு எப்பவும் போல நீல பம்ப்தான்."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலயா?"

"கொஞ்ச நேரம் படபடன்னு வரும். கையெல்லாம் ஆடும். அப்புறம் சரியா பூடும்." பாக்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏன், உங்கம்மா சொல்லலயா? அவங்கதான் எனக்கே இந்த வழிய சொல்லிக் குடுத்தாங்க."

நசுங்கின டம்ளரும் ஈ.சி.ஜி.யும் தரைப் பார்வையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து பாக்யாவின் கண்முன் நின்றன.

ஞானதாஸ் கட்டிலிலிருந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிப் போனது. "உங்க நைனா அப்ப என் டோக்கனுக்கு ஊதினாரு. இப்ப இவ ஊதறா. நம்ப மூச்சு என்னிக்கு நம்ப மூச்சா இருந்துச்சு?"

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த டோக்கன் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். சுரங்கம் ஓடிய நாளில் ஆட்களுக்கு மெடிக்கல் நடக்கும். குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். ஊத முடியாதவனைக் கீழே சுரங்க லெவலுக்கு இறக்கமாட்டார்கள். அவனுக்கு மேலே எடுபிடி வேலை, அதுவும் கிடைக்காவிட்டால் வீடு. அதனால் நெஞ்சு பலம் உள்ளவன் முடியாதவனின் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் பேரில் ஊதிவிட்டு வருவான். தசரதன் அதில் கெட்டிக்காரர். எத்தனையோ பேருக்கு ஊதியிருக்கிறார், ஊதினதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். ஞானதாஸைக் காப்பாற்றியதாக இன்றைக்கும் அவருக்கு நினைப்பு. காப்பாற்றின லட்சணம், அந்த மனுஷன் அதற்கப்புறமும் பல வருஷம் தூசிக்குள்ளேயே இறங்கி ஏறினார்.

பாக்யா சேரை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

கிருஷ்ணம்மா பின்பக்கம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையில் அவள் விரல்கள் ஆடுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கையைக் காட்டு," என்றாள் பாக்யா.

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்கு டோஸ் இழுத்தாச்சா?"

கிருஷ்ணம்மா காயை வைத்துவிட்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். "கத்தாத. அவன் காதுல வுழப்போவுது."

"மூணு மாசமா நைனா மருந்தை நீ இழுத்துக்கினு, டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னியே. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"ஆவல இல்ல."

"அம்மா."

"வேற இன்னா பண்ண சொல்ற? மொத நாளு உங்க நைனா இழுத்து இழுத்து பாத்தாரு. சத்தம் வரல. உன் தம்பி வெளிய போன்ல பேசிக்கினு இருந்தான். இவரு என் கையப் புடிச்சுக்கினு அழுதாரு. ஊருக்கே ஊதின நெஞ்சு, பெத்த புள்ள பண்ண மிஷின்ல இழுக்க முடியலன்னா எப்படி அவன் மூஞ்சில முழிப்பேன்னாரு. நீயே சொல்லு, நான் வேடிக்கை பாத்துக்கினு இருக்கறதா?"

பாக்யாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று விஷப்பரீட்சை செய்கிற அம்மாவுக்கு, பக்கத்திலேயே கிடந்து கால் பிடித்துவிடுகிற மகளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே.

ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. பலவீனமான நெஞ்சுக்காக என்று செய்த கருவி, பலவீனமான நெஞ்சு இழுத்தால் வேலை செய்யவில்லை. இன்றைக்கு அந்த டாக்டர் தலையாட்டிவிட்டால் நாளைக்கு இதை நம்பி நீல பம்ப்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் கதி என்ன? அவர்கள் வருவதற்குள் தம்பியிடம் சொல்லியாக வேண்டும்.

விநாயக் காரின் பின் சீட்டில் எதையோ பிரித்துக்கொண்டிருந்தான். பாக்யா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் அதிர்ச்சியாவான், உட்கார்ந்துவிடுவான், அம்மாவிடம் ஓடுவான் என்று எதிர்பார்த்தாள்.

"தெரியும் அக்கா," என்றான்.

"இன்னா தெரியும்?"

"அது நைனா இழுக்கற இழுப்பு இல்ல. அந்த நெஞ்சுக்கு அவ்ளோ பவர் வராது. ரெண்டாவது வாரமே தெரிஞ்சிடுச்சு."

"அம்மான்னு தெரியுமா?"

"வீட்டுல வேற யாரு இருக்கா? நீ இழுக்கமாட்ட."

பாக்யாவுக்குக் கை பரபரத்தது. "அம்மாவுக்குக் கை ஆடுதுன்னு போன் பண்ணேனேடா. வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்னு சொன்னியே."

அவன் பின் சீட்டில் சிதறிக் கிடந்த திருகுகளைப் பொறுக்கினான்.

"ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா போச்சு. என் தப்புதான். அடுத்த மாடல்ல சரி பண்ணிடுவேன். ஆனா இன்னிக்கு மேடம் ஓகே சொன்னாதான் அடுத்த மாடலே உண்டு. இல்லன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவாங்க. நாலு வருஷ உழைப்பு அக்கா."

"இன்னிக்கு கேமரா முன்னாடி டிக்குனு வரலன்னா?"

"வரும்." சீட்டிலிருந்து இரண்டு வெள்ளை பம்ப்புகளை எடுத்துக் காட்டினான். "நைனாவுக்கு ஒண்ணு, ஞானதாஸ் அங்கிளுக்கு ஒண்ணு. ஸ்பிரிங்கை லூஸ் பண்ணிட்டேன். குழந்தை இழுத்தாக்கூட வரும்."

"மருந்து?"

"லூஸ் பண்ணா மருந்து தானா கசியும். அதனால உள்ள காலி. சும்மா காட்டறதுக்குத்தான். போகும்போது ரெண்டையும் நானே எடுத்துனு போயிடுவேன்."

பாக்யா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க கம்பெனில நாப்கின் மேல நீலத் தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு சொட்டு கீழ எறங்காது, எல்லாரும் கை தட்டுவாங்க. எந்தப் பொம்பளைக்குடா நீலத் தண்ணி வருது? கறை பட்டு வீட்டுக்குப் போறவ எவளும் அங்க வந்து பேசமாட்டா. அதே வேலையைத்தான் நீயும் பண்ற."

"நைனாகிட்ட மட்டும் சொல்லாத. அவருக்கு நடிக்க வராது."

மூன்று மாதமாக வீட்டில் நடந்தது என்னவென்று நினைத்தானோ தெரியவில்லை. அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் பெரிய கார் திரும்பியது.

மமதா மேடம் கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கிருஷ்ணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். கை ஆடுவதைக் கவனித்து, "பயப்படாதீங்கம்மா, கேமராதானே," என்றார். பாக்யாவுக்கு வாய்வரை வந்தது. அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அது திரும்பி உள்ளேயே போய்விட்டது.

விளக்கைப் போட்டார்கள். தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்து வெள்ளை பம்ப்பை வாயில் வைத்தார். கிருஷ்ணம்மா சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டாள்.

இழுத்தார். டிக்.

தசரதன் பம்ப்பை வாயிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார். மறுபடி வைத்து இழுத்தார். டிக். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சவரம் செய்த கன்னத்தில் இறங்கியது.

"வந்துச்சு," என்றார். "சத்தம் வந்துச்சு கிருஷ்ணா."

"தும்ப சென்னாகிதே," என்று மமதா மேடம் கன்னடத்தில் பாராட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ரொம்ப நல்லா இழுக்கறீங்க அப்பா. இனிமே அந்த நீல பம்ப் உங்களுக்குத் தேவைப்படாது."

சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று பாக்யாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அதில் மண்ணை அள்ளிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பிறகு எல்லோரும் ஞானதாஸ் வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் டிக் கேட்டது, அங்கேயும் கை தட்டினார்கள். விநாயக் அப்படியே மேடத்தோடு பேசிக்கொண்டே அவர்கள் காரிலேயே ஏறிவிட்டான். அவனுடைய காரை டிரைவர் ஓட்டிக்கொண்டு பின்னால் போனான். பம்ப்புகளை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றவன் ஒரு கையசைப்போடு சரி. பாக்யா போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஞானதாஸ் வீட்டில் நீல பம்ப் எப்படியும் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள்.

சாயங்காலம் கிருஷ்ணம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. "நாளையிலருந்து எனக்கு அந்த வேலை இல்ல. பாத்தியா, மனுஷன் தானே இழுத்துட்டாரு. கோயிலுக்குப் போய் ஒரு வெளக்கு போட்டுட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வா," என்றார் தசரதன். அவர் மடியில் வெள்ளை பம்ப் இருந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கத் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. கிருஷ்ணம்மாவின் முன்னால் அதை அடக்கி அடக்கி உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது.

இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்று பாக்யா தீர்மானித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளட்டும், அழட்டும். அம்மா தெருவைத் தாண்டியதும் அப்பாவின் எதிரில் போய் மண்டி போட்டாள்.

"நைனா, அந்த பம்ப்ல..."

"நீலத்தைக் குடு," என்றார் தசரதன். "சீக்கிரம்."

அவள் விழித்தாள்.

"வாய்ல கசப்பே வரலயேம்மா. நீலத்தை இழுத்தா தொண்டை கசக்கும். இது வெறுங்காத்து. மொத இழுப்புலயே தெரிஞ்சிடுச்சு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நின்று நின்று மூச்சுத் தேடினார்.

"தெரிஞ்சுமா வந்துச்சு வந்துச்சுன்னு அழுதீங்க?"

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, பாத்தியா? மெடிக்கல் லைன்ல நிக்கறவன் மூஞ்சி. எத்தினி பேரு மூஞ்சில அத பாத்திருக்கேன்." நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அவன் டோக்கனுக்கு ஊதினேன். அவ்ளோதான். பாஸாயிட்டானா?"

பாஸாகிவிட்டான் என்று சொன்னாள். உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நீல பம்ப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குலுக்கி, வாய்க்கருகே கொண்டுபோனார்.

"பாக்யா."

வாசலில் ஜெசிந்தா. தலை அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை. "இழுக்கறாரு பாக்யா, டிக்குனு வருது, டிக்குனு வருது, ஆனா மூச்சு வரலயே. கண்ணு சொருகுது. வந்து பாரு."

"நீல பம்ப் எங்க ஆன்ட்டி?"

"அந்த டாக்டரம்மா இனிமே வேணாம்னு இவருகிட்டயும் சொன்னாங்களே. மத்தியானம் குப்பை வண்டில போட்டுட்டேன்."

பாக்யா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நீல பம்ப் இன்னும் அவருடைய உதட்டருகே இருந்தது. வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான். தசரதன் அதைக் கீழே இறக்கி, மூடியைப் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல இழுங்க நைனா."

"எனக்கு நேரம் இருக்குது. அவனுக்கு இல்ல. ஓடு."

"உங்களை இப்படி விட்டுட்டு எப்படி போறது?"

தசரதன் மடியிலிருந்த வெள்ளை பம்ப்பை எடுத்தார். "இத இழுத்துக்கினே இருக்கறேன். சத்தம் கேட்டா நான் இருக்கறேன்னு அர்த்தம். போம்மா."

ஜெசிந்தா போனில் நூற்றெட்டு ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே முன்னால் ஓடினாள். பாக்யா நீல பம்ப்பை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பின்னால் டிக் என்றது. பக்கத்து வீட்டுக் கதவைத் தாண்டும்போது மறுபடி ஒன்று கேட்டது. தம்பி நாலு வருஷம் உழைத்த உழைப்புக்கு இதுதான் பலன் போலிருக்கிறது.

ஞானதாஸ் வீட்டுப் படியில் கால் வைத்தவள் ஒரு நொடி நின்றாள். உள்ளே ஜெசிந்தா அவள் பேரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தாள். பாக்யா தன் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பி, அடுத்த டிக்குக்காகக் காத்திருந்தாள்.